பிளக் பொருந்தியது, கெட்டில் கருகியது

தைவானில் வாங்கிய சின்னக் கெட்டில். அரை லிட்டர் பிடிக்கும், 800 வாட். அதைப் பெட்டியில் ஓர் ஓரமாகச் செருகிக்கொண்டு பிலிப்பைன்ஸ் போய் இறங்கினேன். இரவு அறைக்குள் நுழைந்து சாக்கெட்டைப் பார்த்ததும் நிம்மதி. தைவானில் பார்த்த அதே இரண்டு தட்டைத் துளை, அடாப்டரைத் தேடவே வேண்டாம். தண்ணீர் ஊற்றிச் செருகினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தளதளவென்று கொதித்து மூடி ஆடியது. ‘இந்த ஊரில் கரண்ட் ஜோராக வருகிறதே’ என்று மனசுக்குள் பாராட்டினேன், நினைத்தால் இப்போதும் கூசுகிறது. இரண்டாம் முறை போட்டபோது கருகல் வாடை. பிளக்கின் கழுத்துப் பகுதி பழுப்பேறி இளகிக்கொண்டிருந்தது. விரல் வைக்க முடியாத சூடு, இழுத்தால் சாக்கெட்டும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது. டிரிப் ஆகிவிடும் என்று நின்றேன், ஆகவில்லை. கடைசியில் கதவோரம் செருகியிருந்த சாவி அட்டையை உருவினேன். அறை இருட்டான பிறகுதான் அந்த ‘ஜ்ஜ்’ சத்தம் நின்றது.

அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். மறுநாள் காலை லேப்டாப்பும் ஃபோனும் சார்ஜ் போட, தைவானிலேயே வாங்கிய ஸ்பைக் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் போர்டை வேறொரு சாக்கெட்டில் செருகினேன். ‘டப்’பென்று ஒரு வெடி, போர்டின் ஓரத்திலிருந்து புகை. கெட்டில், போர்டு, சாக்கெட் மாற்றியதற்கு விடுதியில் வாங்கிய காசு எல்லாம் சேர்த்தால் புதிதாக ஐந்து கெட்டில் வாங்கியிருக்கலாம். ஓர் இரவுத் தூக்கமும் மறுநாள் பாதியும் போனது தனிக்கணக்கு. காசைவிட அதிகம் உறுத்தியது, கெட்டிலைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான். தனி அறை, பார்க்க யாரும் இல்லை.

நடந்தது இதுதான். தைவானில் 110 வோல்ட். பிலிப்பைன்ஸில் 220. இரண்டு ஊரிலும் சாக்கெட் மட்டும் ஒன்று, அமெரிக்க பாணி ஏ வகை. கெட்டிலில் சூடாகும் காயிலின் மின்தடை ஏறக்குறைய மாறாது. அதனால் வோல்டேஜ் இரண்டு மடங்கானால் கரண்டும் இரண்டு மடங்காகும், இரண்டையும் பெருக்கி வரும் வாட் நான்கு மடங்காகும். 800 வாட் கெட்டில் 3200 வாட் கெட்டிலாகிவிட்டது. சுமார் 7 ஆம்பியர் போக வேண்டிய வயரில் பதினான்கரை ஆம்பியர் போனது. வயரிலும் பின்னிலும் உண்டாகும் சூடும் அதேபோல நான்கு மடங்கு. டிரிப் ஏன் ஆகவில்லை என்று அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் 20 ஆம்பியர் பிரேக்கருக்குப் பதினான்கரை ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. சுவருக்குள் போகும் வயரைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது, நம் கெட்டிலின் மெல்லிய வயரை அதற்குத் தெரியாது.

இந்தக் கண்ணி பிலிப்பைன்ஸில் மட்டும் இல்லை. தாய்லாந்து, வியட்நாம், சீனா, பெரு ஆகிய நாடுகளிலும் தட்டைப் பின் உள்ளே போகும் சாக்கெட்டுகள் உண்டு. அங்கெல்லாம் வருவது 220 அல்லது 230. அமெரிக்கா, கனடாவில் 120, ஜப்பானில் 100 என்று பழகிய சாமான்கள் அங்கே எந்தத் தடையும் இல்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரேசில் இன்னும் வில்லங்கம். நாடு முழுக்க ஒரே வகை சாக்கெட், ஆனால் ஒரு நகரத்தில் 127, இன்னொன்றில் 220. அங்கே சாக்கெட் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடாமல் வரவேற்பு மேஜையில் வாய்விட்டுக் கேட்பதே சரி. பிளக்கின் வடிவம் ‘உள்ளே போகுமா’ என்பதை மட்டும் சொல்லும், ‘தாங்குமா’ என்பதைச் சொல்லாது. அடாப்டர் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். அடாப்டர் வடிவத்தை மாற்றும், வோல்டேஜைத் தொடவே தொடாது.

தாங்குமா என்பதைச் சொல்வது சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்து ஸ்டிக்கர் ஒன்றுதான். ஃபோன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். ‘இன்புட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கு) என்று இருந்தால் உலகத்தில் எங்கே செருகினாலும் தானே சரிசெய்துகொள்ளும். ஃபோன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் பெரும்பாலும் இந்த ரகம். 220-240 என்று இருந்தால் நடுவில் கோடு இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, அது ஒரே ரக மின்சாரத்துக்கானது. 120/240 என்று சாய்கோடு போட்டிருந்தால் எங்கேயோ ஒரு மாற்றுச் சுவிட்ச் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். பயண ஹேர் டிரையர்களில் கைப்பிடியில் நாணயத்தால் திருப்பும் ஒரு சின்னத் திருகு இருக்கும், ஒரு பக்கம் 125, மறுபக்கம் 250. அதை 125-இல் மறந்துவிட்டு 230-இல் போட்டால் சில நொடிகளில் காயில் ஆரஞ்சு நிறத்தில் கனலும், காற்றோடு புகையும் வரும்.

பொடி எழுத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. பிளக்கின் மேலேயே 10 ஆம்பியர் 250 வோல்ட் என்று வார்த்திருப்பார்கள். அது அந்த பிளக்கும் வயரும் தாங்கும் உச்ச அளவு, சாமானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 110 வோல்ட் சாமானிலும் 250 என்று அச்சடித்த பிளக் இருக்கலாம். நம்ப வேண்டியது சாமானின் உடம்பில் இருக்கும் ஸ்டிக்கரை மட்டுமே. அதில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாமல் மூன்று பின்னோடு வந்த அயர்ன்பாக்ஸ் போன்ற உலோகச் சாமானை, எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் போட்டு ஓட்டக் கூடாது. உள்ளே ஒரு வயர் அறுந்து உடம்பைத் தொட்டால், கரண்ட் தரைக்குப் போக நம் கை ஒன்றுதான் வழி.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்த்துவிடலாம். 230 வோல்ட் சாமானை 120-இல் போட்டால் பெரும்பாலும் எரியாது, ஆனால் வேலையும் நடக்காது. 2000 வாட் கெட்டில் அமெரிக்காவில் சுமார் 540 வாட் கெட்டில் ஆகிவிடும். ஒரு லிட்டர் கொதிக்க மூன்று நிமிஷம் எடுத்தது பத்து நிமிஷத்துக்கு மேல் எடுக்கும். ஜப்பானின் 100 வோல்ட்டில் அது 380 வாட்டுக்கும் கீழே, கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஹீட்டர் ரகச் சாமானுக்கு இதனால் ஆபத்து இல்லை, பொறுமைதான் போகும். மோட்டார் அப்படி இல்லை. மிக்ஸி போன்ற கார்பன் பிரஷ் மோட்டார் பாதி வோல்டேஜில் சோம்பேறியாகச் சுற்றும், சுமை ஏற்றினால் நின்று ‘உம்ம்’ என்று முனகும். நிற்கும் மோட்டாருக்குள் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் அதுவும் கருகும்.

வீட்டில் நெபுலைசர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேஜையில் வைக்கும் கம்ப்ரஸர் நெபுலைசர் பலவற்றில் உள்ளே இருப்பது ஒரே வோல்டேஜுக்கும் ஒரே ஹெர்ட்ஸுக்கும் செய்த ஏசி மோட்டார். வோல்டேஜ் பாதியானால் அது கிளம்பாது, மருந்து புகையாக வராது. மூச்சுத் திணறும் நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை இது. பயணத்துக்கு பேட்டரியிலோ யுஎஸ்பியிலோ ஓடும் கைநெபுலைசர் ஒன்றை, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி ஓட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்கப் போடும் சிபேப் கருவிகள் பெரும்பாலும் 100-240 தாங்கும், ஆனாலும் அதன் சார்ஜர் ஸ்டிக்கரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

ஹெர்ட்ஸ் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜப்பான் ஒரே நாட்டுக்குள் இரண்டு வைத்திருக்கிறது: டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. 1890-களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கிய கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சார்ஜர்களுக்கும் ஹீட்டர்களுக்கும் இது பொருட்டில்லை. மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் கடிகாரம் 60-லிருந்து 50-க்குப் போனால் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும், மாறிப் போனால் பன்னிரண்டு நிமிஷம் முந்தும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் 50-இல் மெதுவாகச் சுற்றிக் கூடுதலாகச் சூடாகும். எந்த டிரான்ஸ்ஃபார்மரும் ஹெர்ட்ஸை மாற்றித் தராது.

டிரான்ஸ்ஃபார்மர் என்றதும் ‘கன்வெர்ட்டர் வாங்கிக்கொண்டால் போச்சு’ என்று சிலர் சொல்வார்கள். கன்வெர்ட்டர் என்ற பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன. கையடக்கமாக, எடையே இல்லாமல், 1600 வாட் தாங்கும் என்று எழுதியிருந்தால் அது மின்சார அலையை வெட்டி வெட்டி அனுப்பும் எலெக்ட்ரானிக் ரகம். சாதாரணக் காயில் உள்ள அயர்ன்பாக்ஸ், ஹேர் டிரையர் போன்றவற்றைச் சில நிமிஷம் ஓட்ட மட்டுமே ஆகும். டிஜிட்டல் டிஸ்பிளே வைத்த ஸ்ட்ரெய்ட்னர், சார்ஜர், மோட்டார் எதையும் அதில் போடக் கூடாது, வெட்டுப்பட்ட அலையில் உள்ளே இருக்கும் சர்க்யூட் கெட்டுவிடும். செங்கல் கணக்காகக் கனத்தால் அது நிஜ டிரான்ஸ்ஃபார்மர். அதில் எதையும் போடலாம், ஆனால் சாமானின் வாட்டைவிடக் கால் பங்காவது கூடுதல் திறன் வேண்டும். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுப்பதால் அதற்கு இரண்டு மடங்காவது வேண்டும். 1500 வாட்டுக்குப் பொருத்தமான டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டியில் வைத்தால் துணிமணிக்கு எடை மிஞ்சாது. என் கருத்தில் சூடாக்கும் எதையும் வோல்டேஜ் மாறும் நாட்டுக்குக் கொண்டு போகவே வேண்டாம். கெட்டிலும் டிரையரும் பல விடுதிகளில் கேட்டால் கிடைக்கும். கிடைக்காத இடத்தில் அங்கேயே மலிவாக ஒன்று வாங்கிவிடலாம், டிரான்ஸ்ஃபார்மர் விலையைவிட அது குறைவு.

உலகம் முழுக்க ஒரே அடாப்டர் என்று விற்கும் கனசதுரங்களுக்கும் எல்லை உண்டு. பலவற்றின் அடியில் 6 ஆம்பியர் என்றும் சிலவற்றில் 8 அல்லது 10 என்றும் இருக்கும். 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1380 வாட் வரை இழுக்கலாம். அதே அடாப்டர் 120 வோல்ட் ஊரில் 720 வாட்டோடு சரி. ஸ்டிக்கரில் உள்ள வாட்டை ஊர் வோல்டேஜால் வகுத்துப் பாருங்கள், வரும் ஆம்பியர் அடாப்டரில் எழுதியதைத் தாண்டக் கூடாது. நல்ல அடாப்டரில் கண்ணாடிக் குழல் ஃபியூஸ் ஒன்று இருக்கும், சிலவற்றில் உதிரி ஒன்றையும் வைத்திருப்பார்கள். அது போனால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும், சிகரெட் பெட்டித் தகட்டைச் சுற்றி ஒப்பேற்றுவது தற்கொலை வேலை. அடாப்டர் மேல் அடாப்டர் அடுக்குவதும் தப்பு. பாரத்தில் தொங்கி, பின் பாதி வெளியே வந்து, அந்த இடைவெளியில் பொறி பறக்கும்.

பொறி என்றதும் அந்தப் பேனா வித்தை. பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், அமீரகம் போன்ற இடங்களில் மூன்று செவ்வகப் பின் சாக்கெட். மேலே உள்ள நீண்ட எர்த் பின் உள்ளே போனால்தான் கீழே உள்ள இரண்டு துளைகளின் மூடி திறக்கும். பேனாவின் முனையை மேல் துளையில் குத்தி மூடியைத் திறந்து, உருண்டைப் பின் வைத்த பிளக்கைக் கீழே திணிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். போகத்தான் செய்யும். தட்டையான பின்னை இரு பக்கமும் முழுதாகக் கவ்வுவதற்குச் செய்த பித்தளை, உருண்டைப் பின்னை ஒரு கோட்டில் மட்டும் தொடும். அந்தக் கோடு சூடாகும், கறுக்கும், தொடர்பு இன்னும் மோசமாகும். அதோடு பிரிட்டிஷ் பிளக்குக்குள் 13 ஆம்பியர் வரைக்கான ஃபியூஸ் இருப்பது காரணத்தோடுதான். பிரிட்டனில் பல சாக்கெட்டுகள் 32 ஆம்பியர் பிரேக்கர் உள்ள ஒரே வயர் வளையத்தில் இருக்கின்றன, மெல்லிய வயருக்குக் காவல் அந்த ஃபியூஸ். பேனாவால் திறந்தவருக்கு அந்தக் காவலும் இல்லை.

என் போர்டு வெடித்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பைக் பாதுகாப்பு என்பது உள்ளே இருக்கும் வேரிஸ்டர் என்ற நாணயம் போன்ற வட்டத் துண்டு. வோல்டேஜ் எல்லை மீறினால் தன் வழியே கரண்டை விட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். 110-120 வோல்ட் நாட்டுப் போர்டில் அந்த எல்லை 130, 150 என்று வைத்திருப்பார்கள். அதை 220-இல் செருகினால் ‘ஸ்பைக் வந்துவிட்டது’ என்று ஓயாமல் கரண்டைக் குடித்து வெடிக்கும். லேப்டாப் சார்ஜர் 100-240 தாங்கும் என்பதால் எனக்கு அது பிழைத்தது. பல பிளக் வேண்டுமென்றால், 250 வோல்ட்டுக்குச் செய்த, ஸ்பைக் பாதுகாப்பு இல்லாத வெறும் போர்டு ஒன்றும் ஓர் அடாப்டரும் போதும். அதிலும் சார்ஜர்கள் மட்டுமே.

குளியலறையில் ‘ஷேவர் மட்டும்’ என்று படம் போட்ட சாக்கெட்டில், அதுவும் 115, 230 என்று இரண்டு வோல்டேஜ் போட்டிருந்தால், ரேஸரோ மின் பல்துலக்கியோ போடலாம், ஹேர் டிரையர் கூடாது. உள்ளே உள்ள டிரான்ஸ்ஃபார்மர் மிகச் சிறியது. அமெரிக்காவில் குளியலறை சாக்கெட்டில் ‘டெஸ்ட்’, ‘ரீசெட்’ என்று இரண்டு பொத்தான் இருக்கும். ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைத்துவிடும். கரண்ட் வரவில்லை என்றால் ஒருமுறை ரீசெட்டை அழுத்திப் பாருங்கள். மறுபடி அணைந்தால் பெரும்பாலும் சாமானில்தான் கோளாறு, மூன்றாம் தடவை முயலாதீர்கள்.

இரண்டு பின் சார்ஜரோடு உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தடவும்போது விரலில் விறுவிறுக்கிறதே என்று பலர் பயப்படுவார்கள். சார்ஜருக்குள் உள்ள வடிகட்டியிலிருந்து மிக நுண்ணிய கரண்ட் கசிவது அது. நல்ல சார்ஜரில் ஆபத்தில்லை. எர்த் உள்ள மூன்று பின் வயர் போட்டால் நின்றுவிடும். சுள்ளென்று அடித்தால் மட்டும் அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: மின் பெட்டி எங்கே என்று பார்த்து வைப்பது. பெரும்பாலும் அலமாரிக்குள்ளோ கதவுக்குப் பின்னாலோ இருக்கும். கருகல் வாடை வந்தால் சூடான பிளக்கைப் பிடித்து இழுக்காமல், தண்ணீர் ஊற்றாமல், அங்கே போய் அணையுங்கள். சாவி அட்டையை உருவுவது பல இடங்களில் பலிக்கும், சில விடுதிகளில் அட்டை விளக்கையும் ஏசியையும் மட்டும் அணைக்கும், சாக்கெட் உயிரோடு இருக்கும். அணைத்த பிறகு பொறுத்திருந்து, சூடு தணிந்ததும் பிளக்கை எடுத்து, ஒருமுறை சூடேறிய அந்தச் சாக்கெட்டை மறுபடி தொடாதீர்கள். உள்ளே பின்னைக் கவ்வும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அடுத்து அதில் ஃபோன் சார்ஜர் போடுபவருக்கும் பொறி பறக்கும். வரவேற்பில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், காசு கேட்பார்கள் என்று மறைக்க வேண்டாம்.

அட்டையை உருவினால் சாக்கெட்டும் அணையும் அறைதானா என்பதை முதல் நாளே ஃபோனைச் சார்ஜில் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போன்ற மருந்தை அறைக் குளிர்பெட்டியில் வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், நாம் வெளியே போனதும் அதுவும் அணைந்துவிடும் அறைகள் உண்டு. அப்படி இருந்தால் கூடுதல் அட்டை ஒன்று கேட்டுச் செருகிவிட்டுப் போகலாம், அல்லது மருந்தை வரவேற்பில் கொடுத்து அவர்கள் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லலாம், ஆனால் உறைபெட்டியில் வைத்துவிடாதபடி சொல்லிக் கொடுக்க வேண்டும்.